300 ரூபாய் கீயும் நமக்குக் கிடைக்காத உரிமமும்

வேலந்தாவளம் முதல் மீனாட்சிபுரம் வரை டி.டி.பி. சென்டர், போட்டோ ஸ்டுடியோ, பிளக்ஸ் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும் சகோதரிகளுக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம்.

நம் கடைக்காரர்களின் போன கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் முழுசாகச் சொல்லி முடித்திருக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான மடல். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

அன்று வந்த ஏஜென்ட் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு சாஃப்ட்வேர் கீ, அதாவது சாஃப்ட்வேரை ஆக்டிவேட் செய்யும் குறியீட்டு எண், 300 ரூபாய். 40 கடையும் சேர்ந்து எடுத்தால் விலை இன்னும் குறையும். வாழ்நாள் முழுக்கச் செல்லும், இனி எந்த நோட்டீஸுக்கும் பயப்பட வேண்டாம் என்றார். உரிமம் இல்லாத சாஃப்ட்வேருக்காகப் பொள்ளாச்சி பக்கம் ஒரு கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததாகக் கேள்விப்பட்டதிலிருந்து நாம் எல்லோருமே சரியாகத் தூங்கவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து இவ்வளவு குறைந்த விலைக்கு நிம்மதி தருகிறேன் என்றால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் அவர் விற்பது கீ மட்டும்தான். உரிமம் அவர் கையிலேயே இல்லை. அந்த நாற்பது கீயையும் நாம் வாங்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

உரிமம் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்தூர் தாலுகாவில் தென்னையிலிருந்து இறங்கும் கள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளாவில் இருக்கும் நம் பக்கம் லைசன்ஸ் வைத்துக்கொண்டு இறக்கலாம், ஷாப்பில் விற்கலாம், பெர்மிட்டோடு மற்ற மாவட்டங்களுக்கு வண்டியில் அனுப்பலாம். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1987 முதல் அதே கள் இறக்குவது குற்றம். கலயத்தில் இருக்கும் சரக்கில் ஒரு மாற்றமும் இல்லை. கூட வரும் காகிதம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். நம் மெஷினில் ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி, ஓட்டுவதற்கு நமக்கு அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கீ முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. கதை எழுதியவருக்கு இருக்கும் உரிமை புரோகிராம் எழுதியவருக்கும் உண்டு. அதனால் பெட்டியில் வாங்கினாலும் நெட்டில் வாங்கினாலும் நமக்குக் கிரயம் ஆவதில்லை. இன்ன மாதிரி பயன்படுத்திக்கொள் என்ற அனுமதி மட்டும் கிடைக்கிறது. அந்த அனுமதிச்சீட்டுதான் உரிமம். அதே சட்டத்தின் 63பி பிரிவையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. நமக்கு அது கிடைக்காது. நாம் செய்வது தொழில்.

சரி, அந்த 300 ரூபாய் கீ எங்கிருந்து வருகிறது? இது புரிய, காசு கொடுத்து வாங்கும் உரிமங்களில் இருக்கும் வகைகள் தெரிய வேண்டும். புது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவதை ஓ.இ.எம். உரிமம் என்பார்கள். அது அந்த மெஷினோடு பிறந்தது, அதோடு போய்விடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஐப்பசி இடியில் என் பழைய மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. புது போர்டு போட்டு ஆன் செய்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்னை ஏற்க மறுத்தது. பில் இருக்கிறதே, காசு கொடுத்தேனே என்று வாங்கின இடத்தில் சண்டை போட்டேன். உரிமத்தை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் எல்லாம் முதல் நாளே எழுதியிருந்தது. தனியாகக் கடையில் வாங்கும் ரீட்டெயில் உரிமம் அப்படி இல்லை. பழைய மெஷினில் எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளப் பெரும்பாலும் அனுமதி உண்டு. அதனால்தான் விலையும் கூடுதல்.

பெரிய கம்பெனிகளும் கல்லூரிகளும் நூறு, ஆயிரம் மெஷினுக்கு மொத்தமாக எடுப்பது வால்யூம் உரிமம். ஒரே கீ பல மெஷினில் வேலை செய்யும். இது வெளியே கசிந்தால் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்துவிடும். உடைசலுக்குப் போன கம்ப்யூட்டர்களின் ஸ்டிக்கரிலிருந்து எடுத்த ஓ.இ.எம். கீகளும் இப்படி வரும். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கீகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழியில் வருபவைதான். இன்று வேலை செய்யும். கம்பெனி ஒரு நாள் அந்த கீயை முடக்கினால் நாற்பது கடையும் ஒரே காலையில் நிற்கும். அந்த ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என் கடை பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு, உரிம வகை என்னவென்று எழுதி பில் தருவீர்களா? நான் கூட்டம் முடிந்ததும் தனியாகக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மாணவர் பதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் இரண்டு மூன்று பேர் பிள்ளைகளின் கல்லூரிக் கணக்கில் வந்த சாஃப்ட்வேரைக் கடையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கும் படிப்புக்கும் என்று சலுகை விலையில் கொடுத்ததைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டினால் அதுவும் உரிம மீறல்தான், காசு கொடுத்திருந்தாலும்கூட.

அப்புறம் சந்தா. இதை நான் குத்தகை என்றே சொல்வேன். பணம் கட்டும் வரை உழலாம், நிறுத்தினால் வரப்பில் நிற்க வேண்டும். 2013-இல் போட்டோஷாப் கம்பெனியான அடோபி தன் புதிய டிசைன் சாஃப்ட்வேர்களை இனி சந்தாவாகத்தான் தருவேன் என்று அறிவித்ததிலிருந்து இந்தத் தொழிலே குத்தகை நிலமாகிவிட்டது. பத்து கடை சேர்ந்து ஒரு சந்தா எடுத்துப் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று ஒரு தம்பி சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். ஆனால் அந்த உரிமம் பொதுவாக ஓர் ஆளின் பெயருக்கு. பத்து பேர் உட்கார்ந்தால் ஒன்பது பேர் உரிமம் இல்லாதவர்கள்தான்.

பயத்தை மட்டும் வைத்து நான் இதைப் பேசவில்லை. 2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். உள்ளாட்சித் தேர்தல், நம் பாலக்காடு மாவட்டத்தில் 10-ஆம் தேதி வாக்குப்பதிவு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று பிட் நோட்டீஸ். நம் எல்லைப் பஞ்சாயத்துகளில் அந்த ஒரு மாத வருமானம் வருஷத்தில் பாதிக்குச் சமம். வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு டிசைன் சாஃப்ட்வேரின் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, அதாவது கிராக்கை, இறக்கினேன். ஆக்டிவேட் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். மறுநாள் காலையில் கடை திறந்தால் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறியிருந்தது. பணம் கட்டு என்று ஒரே ஒரு குறிப்பு மட்டும் திரையில். என்னிடம் இருந்த பேக்கப் ஓணத்துக்கு முந்தியது. மூன்று வார்டு நோட்டீஸைக் கோயம்புத்தூரில் வேறு இடத்தில் கொடுத்து, என் கைக்காசைப் போட்டு அடித்துக் கொடுத்தேன். போன பணத்தைவிட, மூன்று வேட்பாளர்களின் முகத்தைப் பார்க்க நேர்ந்ததுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த வாரம்தான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: “அப்பா, எங்க ஸ்கூல்ல இதெல்லாம் சும்மாவே இருக்கே, நீங்க எதுக்கு உடைச்சுப் போடறீங்க?” தமிழ் மீடியம் அரசுப் பள்ளிதான். கேரளப் பள்ளிகளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடக்கிறது. முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்றிருந்து இப்போது கைட் என்று அழைக்கப்படும் அமைப்பு, பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் என்ற கட்டற்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. நம் பிள்ளைகள் ஜிம்ப்பில் படம் திருத்தி, இங்க்ஸ்கேப்பில் லோகோ வரைந்து, லிப்ரே ஆஃபிஸில் கடிதம் அடித்துப் பழகிவிட்டு நம் கடைக்கு வேலைக்கு வருகிறார்கள். நாம் அவர்களை உட்கார வைத்து, முதல் வேலையாக எப்படிக் கிராக் போடுவது என்று சொல்லிக் கொடுக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளை நம்மில் பலர் இலவச சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. இலவசமாகக் கிடைக்கும் பலவற்றில், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். கடையில் போட்டால் அதுவும் மீறல்தான். சில இத்தனை நாள் சோதித்துப் பார், பிறகு காசு கொடு என்று சொல்லும். நாள் கடந்த பிறகும் திறந்துகொள்வதால் நாம் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். ஜிப் ஃபைல் திறக்க நாம் எல்லோரும் வைத்திருக்கும் வின்ரார் அந்த ரகம். மலையாளத்தில் கட்டற்ற மென்பொருளை ‘ஸ்வதந்திர’ சாஃப்ட்வேர் என்கிறார்கள், அந்தச் சொல்லில் குழப்பமே இல்லை. விலை இல்லை என்பது அதன் பொருளல்ல. பயன்படுத்த, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க நமக்குச் சுதந்திரம் உண்டு என்பதுதான் பொருள்.

இது தொடங்கிய கதையில் நம் தொழிலுக்கு ஓர் இடம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், காத்திருக்கும் எல்லோருடைய திரைக்கும் தகவல் போகும்படி அவரே அதன் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதிலும் பேப்பர் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரலை, அதாவது திருத்தி எழுத முடிகிற புரோகிராம் வரிகளை (சோர்ஸ் கோட்), தரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பேப்பர் சிக்கின பிரிண்டர் முன்னால் கஸ்டமரோடு நின்றவர்களுக்கு அவருடைய கோபம் புரியும். 1983-இல் அவர் க்னூ என்ற கட்டற்ற ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமம் வந்தது. அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளை 2001-இல் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான்.

ஜி.பி.எல்.லை ஊர்ப் பொதுக்கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இறைக்கலாம், தூர் வாரி ஆழப்படுத்தலாம். ஆழப்படுத்தியவர் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டுப் போட முடியாது. அதாவது, மாற்றிய புரோகிராமை வெளியே யாருக்காவது கொடுத்தால் அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நம் கடைக்குள் மாற்றி வைத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ், படம் வரையும் கிரிட்டா எல்லாம் இந்தக் குடும்பம்தான். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் விடாமல் வைத்திருந்தால் போதும், எடுத்துப் பூட்டிய பொருளாகக்கூட விற்கலாம். லிப்ரே ஆஃபிஸ் பயன்படுத்தும் மொசில்லா உரிமம் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு இந்த வித்தியாசங்கள் உயிர் போகிற விஷயம். நமக்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் நாம் புரோகிராமை விற்பதில்லை, அதில் செய்த வேலையை விற்கிறோம்.

அங்கேதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி வருகிறது. இங்க்ஸ்கேப்பில் கல்யாணப் பத்திரிகை செய்து காசு வாங்கலாமா? தாராளமாக. ஜி.பி.எல். புரோகிராமைக் கட்டுப்படுத்துமே தவிர, அதைக் கொண்டு நீங்கள் வரைந்த படத்தை அல்ல. பத்திரிகை உங்களுடையது. எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடுங்கள். யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டாம்.

ஆனால் எழுத்துருவில் கவனம் தேவை. நாம் அதிகம் சறுக்குவது அங்கேதான், சாஃப்ட்வேரைவிட அங்கேதான். எழுத்துருவும் ஒரு மென்பொருள், அதற்கும் தனி உரிமம் உண்டு. வெல்ல வியாபாரி ஒருவருக்கு லேபிள் செய்தபோது நெட்டில் அழகாக ஓர் ஆங்கில எழுத்து கிடைத்தது, போட்டுவிட்டேன். கவர் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடைகளுக்குப் போன பிறகு, எழுத்தை வடிவமைத்தவரிடமிருந்து வியாபாரிக்கு மெயில் வந்தது. இறக்கிய ஃபைலோடு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் இருந்தது. வணிகத்துக்கு அல்ல என்று அதில் ஒரே வரி. நான் திறந்தே பார்க்கவில்லை. நியாயம் அந்த வடிவமைப்பாளர் பக்கம்தான். வியாபாரி பணம் கட்டினார், அதில் பாதியை நான் கொடுத்தேன்.

இப்போது நான் ஓ.எஃப்.எல். என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை மட்டுமே இறக்கி வைக்கிறேன். அதில் அச்சடிக்கலாம், லோகோ செய்யலாம், பி.டி.எஃப்.பில் பொதித்து அனுப்பலாம், ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், மூலப்பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் அந்தப் பெயரைப் போடக் கூடாது. அவ்வளவுதான். தமிழுக்கு நோட்டோ, கட்டமரான், முக்த மலர், பலூ தம்பி என்று நல்ல எழுத்துருக்கள் இந்த உரிமத்தில் இருக்கின்றன. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மீரா இனிமை. மலையாள எழுத்துருக்களுக்காகப் பாடுபட்ட ஹுசைன் கே.எச். வடிவமைத்தது, ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளத் தன்னார்வலர் குழுவிலிருந்து வந்தது. மலையாளத்துக்கு உழைத்தவர்கள் தமிழுக்கு ஓர் எழுத்தைச் செய்து, இனிமை என்று தமிழிலேயே பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் நோட்டீஸ் அடிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து வேறு எது?

இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குச் சரி, தொழிலுக்கு ஒத்து வருமா என்று கேட்பீர்கள். 2019-இல் ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப்புக்கு மாற்றியது. தினமும் ராத்திரி நேரம் தவறாமல் பக்கம் அனுப்ப வேண்டிய பத்திரிகை அது. நம்முடைய பிட் நோட்டீஸ் அதைவிட அவசரமானதல்ல.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கஸ்டமர் கொண்டுவரும் சி.டி.ஆர். ஃபைல் (கோரல்டிராவில் செய்தது) இங்க்ஸ்கேப்பில் திறக்கும், ஆனால் சிலசமயம் உருவம் கலைந்து வரும். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களில் யூனிகோடு அல்லாத எழுத்தில் இருக்கும் தமிழை மாற்றி, பிழை பார்த்து எடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப் ஆர்.ஜி.பி. என்ற திரைக்கான மூன்று கலர் முறையை நம்பி இருப்பது, நாலு கலர் அச்சுக்கு ஸ்கிரைபஸ் வழியாகத்தான் பி.டி.எஃப். எடுக்கிறேன். எனக்குக் கை பழக நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் வேலை மெதுவாகத்தான் போனது. ஆல்பம் வேலை அதிகம் இருக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு மெஷினில் முறையான சந்தா தேவைப்படலாம், எடுங்கள். அதில் தவறே இல்லை. என் கடையில் நான்கு மெஷின், மூன்றில் லினக்ஸ், ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய உரிமம், பில்லோடு.

அதனால் அடுத்த கூட்டத்தில் அந்த மொத்தக் கொள்முதலுக்குக் கை தூக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு பேப்பரை எடுத்து, கடையில் எந்த மெஷினில் என்னென்ன சாஃப்ட்வேர், என்னென்ன எழுத்துரு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பில்லோ உரிமமோ இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். யாரையும் கேள்வி கேட்க அல்ல. எத்தனை கடைக்கு உண்மையில் எது தேவை என்று தெரிந்தால், தேவைப்படுபவர்கள் சேர்ந்து அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் முறையாக விலை பேசலாம். மற்றவர்கள் மாறிக்கொள்ளலாம். நாம் செய்த டிசைனைப் பக்கத்துக் கடையில் அப்படியே எடுத்து அடித்தபோது எத்தனை பேர் என்னிடம் வந்து கொதித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் 2 மணிக்கு மேல் என் கடையில் இரண்டு மெஷினை உங்களுக்காகத் திறந்து வைத்திருப்பேன். என் மகளும் அவள் கூடப் படித்த இரண்டு பேரும் இருப்பார்கள், என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலி பென்டிரைவ் கொண்டு வாருங்கள், வேண்டியதை ஏற்றித் தருகிறோம், அதற்கு உரிமம் இருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான பழைய ஃபைல் ஒன்றையும் எடுத்து வாருங்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையில் டி.டி.பி. கடை நடத்தும் உங்களில் ஒருவன்